வெண்கலத்துக்கு மந்தம்

வெண்கலத்துக்கு மந்தம் தட்டிவிட்டது என்று டிப்போவில் எவன் முதலில் சொன்னானோ, அவன் வாயில் மண் விழட்டும் என்று அவர் மனைவி மனதுக்குள் சபித்தாள். சபித்ததோடு நிற்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த வேன் சீட்டு உறையை அந்த ஆளாகவே நினைத்துக்கொண்டு தையல் மிஷினை மிதி மிதியென்று மிதித்தாள். தடித்த ரெக்சினில் ஊசி உடைந்ததுதான் மிச்சம்.

வெண்கலம் என்பது அவள் புருஷனுக்கு டிரைவர்கள் வைத்த பெயர். பார்சல் கம்பெனியில் எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும், எந்தப் பெட்டி எதில் ஏற வேண்டும் என்று சொல்லி அனுப்புகிற வேலை அவருக்கு. டிப்போ மேடையில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால், கடைசி வண்டிக்காரன் வாயிலிருக்கிற டீயைத் துப்பிவிட்டு ஓடி வருவான். அப்படி ஒரு வெண்கலக் குரல். அந்தக் குரலைத் தொண்டையில் வந்த கட்டி கொண்டுபோயிற்று. டாக்டர்கள் குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சு விடுவதற்குக் கழுத்தடியில் ஒரு துவாரம் வைத்து அனுப்பினார்கள். துவாரத்தின் மேல் கட்டிக்கொள்ள மனைவி மெல்லிய துணியில் சின்னச் சின்ன மறைப்புகள் தைத்துக் கொடுத்தாள். குரல் போயும் பெயர் மட்டும் போகவில்லை. புதிதாகச் சேர்ந்த டிரைவர்களும் காரணம் தெரியாமலேயே ‘வெண்கலம் அண்ணே’ என்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவரால் பேச முடியாது என்பதே தெரியாது.

எப்படித் தெரியும்? ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வேலை பார்ப்பது வீட்டு முன்னறையில். ஜன்னலோரம் அவள் தையல் மிஷின், எதிர்ச் சுவரோரம் அவர் கம்ப்யூட்டர். டிப்போவின் பேச்சு முழுக்க சாட்டில் ஓடியது. அங்கே பேசுகிறவன், பேச முடியாதவன் என்ற வித்தியாசம் கிடையாது, எல்லாரும் எழுதுகிறவர்கள்தான். எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளும் கிடையாது. பத்து விரலும் சேர்ந்து இறங்கினால் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி கேட்கும்.

அந்த சாட்டுக்கு அவரே போட்ட சட்டம் ஒன்று இருந்தது. தனித்தனியாகக் குசுகுசுக்கக் கூடாது. எதுவானாலும் ‘எல்லாரும்’ என்ற ஒரே அறையில்தான் எழுத வேண்டும். ‘எனக்கு யாரும் சொல்லலை’ என்று நாளைக்கு ஒருத்தனும் தலையைச் சொறியக் கூடாது. அதனால் வாசலில் வைத்த பார்சலின் படம், பூட்டிய கதவின் படம், நாய் நிற்கிற கதவின் படம், தேய்ந்த டயர், டிரைவர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள், அவர் குரல் பதிந்து அனுப்பிய பழைய கத்தல்கள் என்று வருஷக்கணக்காக எல்லாம் அதிலேயே கொட்டிக் கிடந்தது. வேறு கம்பெனியாக இருந்தால் எப்போதோ ஒரு புது அறை திறந்திருப்பார்கள். இவர்களுக்கு அது தோன்றவே இல்லை.

கொஞ்ச நாளாக அந்த சாட் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. அவர் அடிப்பார், எழுத்து விழாது. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். டிரைவர்களின் போனில் அந்தத் தொல்லை இல்லை, அது கடைசியாக வந்த நாலு பேச்சை மட்டும் காட்டிவிட்டு ஓடும். போனிலேயே அடிக்கலாம் என்றால் அவர் விரல் ஒவ்வொன்றும் அதில் மூணு எழுத்தை ஒன்றாக அமுக்கும். பக்கத்தில் ரோட்டுப் படமும் லோடு விவரமும் விரித்து வைக்க வேண்டியிருந்ததால் அவருக்குக் கம்ப்யூட்டரை விட்டால் வழியில்லை.

அன்றைக்கு மழை பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல், கண்ணாடி என்று கூப்பிடப்படுகிற டிரைவர் எழுதினான்.

“அண்ணே, பாலத்துக்கிட்ட நிக்கிறேன். மேல தண்ணி ஓடுது. இறங்கவா, சுத்திப் போகவா?”

வெண்கலம் அதே மூச்சில் அடித்தார். ‘இறங்காதே. மேட்டு ரோட்டுல போ.’ அடித்து அனுப்பியும் விட்டார். திரை அசையவில்லை.

“அண்ணே?”

“அண்ணே, இருக்கீங்களா? பின்னாடி ஹாரன் அடிக்கிறான்.”

அவர் விசைப்பலகையைத் தட்டினார், மேஜையைத் தட்டினார், கடைசியில் தன் தொடையிலேயே தட்டிக்கொண்டார். மிஷினை விட்டு எழுந்து வந்த மனைவி அவர் தோளுக்குப் பின்னால் நின்று அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்தாள்.

“சரிண்ணே, இறங்குறேன்” என்று பதில் வராமலே கண்ணாடி எழுதினான். அதற்குக் கீழே, எல்லாம் முடிந்த பிறகு, அவருடைய ‘இறங்காதே’ வந்து விழுந்தது.

“வெண்கலம் அண்ணன் தூக்கம் கலைஞ்சு எந்திரிச்சுட்டாரு” என்று வேறொருவன் எழுதினான். சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக வந்தன. அவர் எதிரே நின்று இப்படிச் சொல்ல அந்தக் காலத்தில் ஒருவனுக்காவது நெஞ்சு இருந்திருக்குமா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. வண்டி தண்ணீரில் நின்றுபோயிற்று. ஏற்றியிருந்ததெல்லாம் நனைந்தது.

இருட்டுவதற்கு முன்பே மேனேஜரின் போன் வந்தது. வழக்கம்போல அவளுக்குத்தான்.

“அண்ணி, நல்லா இருக்கீங்களா?”

“இருக்கோம். சொல்லுங்க.”

“அண்ணன் பக்கத்துல இருக்காரா?”

“இருக்காரு. அவருக்குப் போனது குரல்தான், காது இல்ல. ஸ்பீக்கர்ல போடறேன், அவர்கிட்டயே சொல்லுங்க.”

“வேண்டாம் அண்ணி, வேண்டாம்” என்று அவர் சொல்வதற்குள் அவள் போட்டுவிட்டாள். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தப்பா நினைக்காதீங்க. அண்ணன் முன்ன மாதிரி இல்ல. எப்பவோ கேட்டதுக்கு எப்பவோ பதில் வருது. பசங்க சிரிக்கிறாங்க, எனக்கே சங்கடமா இருக்கு.”

“மெதுவா இருக்கறது கம்ப்யூட்டருங்க.”

“போன வாரமும் அதைத்தான் சொன்னீங்க. உங்க தம்பி வந்து சரி பண்ணிட்டாருன்னும் சொன்னீங்க. ரெண்டே நாள்ல பழைய கதை. எத்தனை தடவைதான் கம்ப்யூட்டர் மேலயே பழி போடறது? குடோன்ல லேபிள் ஒட்டற வேலை ஒண்ணு இருக்கு. சம்பளம் அதேதான். அங்க யார்கிட்டயும் பேசவே வேண்டியதில்ல, அவருக்கும் சௌகரியம். காலையில நானே வந்து கம்ப்யூட்டரை எடுத்துக்கறேன்.”

யார்கிட்டயும் பேசவே வேண்டியதில்ல. அந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சுட்டது. இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறவரை அவர் வெண்கலம். குடோனுக்குப் போனால் அன்றைக்கே ஊமை. சைகை காட்டுவார், அது புரியாதவன் சிரிப்பான், புரிந்தவன் பாவம் என்பான். பாவம் என்று சொல்லக் கேட்பதற்கா அந்த மனுஷன் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்துப் பிழைத்து வந்தார்?

அவர் திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தார். வீட்டில் பேசுவதற்கு அவர் வைத்திருக்கிற வழி அது. மிஷினில் உட்கார்ந்தபடியே அவள் படிக்கிற மாதிரி எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார்.

‘நான் மந்தமா?’ என்று அடித்தார். அடிக்க அடிக்க எழுத்து விழுந்தது. ‘இங்க பாரு. தொட்டா விழுது. என் விரல்ல என்ன கோளாறு?’

“ஒரு கோளாறும் இல்ல. நாளைக்கு வரட்டும் அவரு.”

‘குடோனுக்கு நான் போக மாட்டேன். பொணமாத்தான் போவேன்.’

“போதும், சாப்பிடற நேரத்துல இந்தப் பேச்சு எதுக்கு” என்று அவள் குழைத்த சோற்றையும் முட்டையையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டார். அவள் திரும்ப இழுத்து வைத்தாள். இன்னொரு தடவை தள்ளினால் ஊட்டிவிடுவேன் என்று மிரட்டியதும் எடுத்துச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடிக்கையில் தம்பி வந்துவிட்டான். அவள் கூடப் பிறந்தவன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஈரக் காலைத் துடைத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தவன், எதையோ திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“மெமரி பூராத்தையும் இந்த சாட் ஒண்ணே தின்னு வெச்சிருக்கு மாமா. இருக்கற இடத்தை எல்லாம் இதுவே அடைச்சுக்கிட்டா எழுத்து எங்க விழும்?”

‘போன வாரமும் நீதானே சரி பண்ணே?’

“மூடித் திறந்தேன், ஓடுச்சு. இப்ப மூடித் திறந்தாலும் ஓடும். கதை அது இல்ல மாமா. இது எப்பவும் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் எடுத்து வெச்சுக்கும். யாராவது மேல மேல உருட்டிக்கிட்டே போனாத்தான், போற வழியில கிடக்கற படம், பேச்சு அத்தனையையும் இழுத்து மடியில போட்டுக்கும். மூடற வரைக்கும் இறக்கி வைக்காது. நீங்களோ மூடறதே இல்ல.” அவன் மாமாவின் பக்கம் திரும்பினான். “யாரோ ரொம்பத் தூரம் மேல போறாங்க. வருஷக்கணக்கா மேல. நீங்க பழசு எதையாவது தேடறீங்களா?”

‘இன்னிக்கு வேலையே தலைக்கு மேல கிடக்கு. பழசு எனக்கு எதுக்கு?’

ஜன்னலோரம் மிஷின் சத்தம் நின்றது.

“அக்கா, நீ தொட்டியா?”

“எனக்கு என்னடா தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி” என்றாள்.

அவள்தான். தினமும் மத்தியானம் அவர் குளியலறைக்குள் போய்க் கழுத்துத் துவாரத்தைச் சுத்தம் பண்ணி ஆவி பிடித்து வருவதற்கு வெகு நேரம் ஆகும். சில மாதங்களுக்கு முன்னால் அப்படி ஒரு மத்தியானத்தில், அவர் கேட்ட பழைய விலாசம் ஒன்றைத் தேடி உருட்டிக்கொண்டு போனவள், கை தவறி எதையோ அமுக்கிவிட்டாள். அறை முழுக்க அவர் குரல் வந்தது. எவனோ ஒரு டிரைவரை, எங்கடா தொலைஞ்சே என்று திட்டிக்கொண்டிருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு அவர் எதற்குக் குரல் பதிந்து அனுப்பப்போகிறார்? அனுப்பியதெல்லாம் டிரைவர்களுக்கு, எல்லாம் திட்டு. அன்றிலிருந்து ஆவி பிடிக்கிற நேரமெல்லாம் அவள் அந்தத் திட்டைக் கேட்கிற நேரம் ஆயிற்று. கேட்டுவிட்டு, கீழே இறக்கி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மிஷினில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் ஏற்றி வைத்த பாரம்தான் அவர் விரலைக் கட்டிப்போட்டது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “குரல் போயிடுமாம், உனக்குப் பரவாயில்லையா?” என்று கேட்டிருந்தார். “உங்க குரல் யாருக்கு வேணும், நீங்க இருந்தாப் போதும்” என்று அவள் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் அவர் படுத்தார். இப்போது போய் எந்த முகத்தோடு சொல்வது?

“பழசு பூராத்தையும் துடைச்சு எடுத்துட்டா நிம்மதி” என்றான் தம்பி.

‘துடை’ என்று அவர் அடித்தார்.

“வேண்டாம்” என்றாள் அவள்.

ரெண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“கம்பெனி சாமான். கேக்காம கொள்ளாம நாம கைவைக்கக் கூடாது” என்று எதையோ சொல்லிச் சமாளித்தாள். தம்பிக்கும் அது நியாயமாகப் பட்டது. காலையில் மேனேஜர் வரும்போது தானும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவர் மட்டும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காலையிலும் மழை விடவில்லை. மேனேஜர் கம்பெனி வேனை வாசலில் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை வைத்துக் கொண்டுபோக ஒரு அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். தம்பி நேற்றுச் சொன்னதையே அவருக்கும் சொல்லிப் பார்த்தான்.

“எல்லாம் சரி தம்பி. யாரு மேல போறா? அண்ணன் போகலைங்கறாரு, அக்கா போகலைங்கறாங்க. பின்ன பேயா போகுது?” என்று மேனேஜர் சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “வயசு ஆகுது அண்ணி. மறந்து எதையாவது நோண்டியிருப்பாரு. அவருக்கே ஞாபகம் இருக்காது.”

வெண்கலம் வெற்றுப் பக்கத்தில் ‘என்கிட்டப் பேசு’ என்று அடித்தார். மேனேஜர் திரையைப் பார்க்கவே இல்லை. குனிந்து கம்ப்யூட்டரின் வயரில் கை வைத்தார்.

“கையை எடுங்க” என்றாள் அவள்.

“அண்ணி…”

“கையை எடுங்கன்னு சொல்றேன். அவருக்கு ஒரு மறதியும் கிடையாது. மேல போனது நான். தினமும் போனேன். என்னாலதான் இது படுத்துக்கிச்சு. அவர் தலையில ஏன் கட்டறீங்க?”

“நீங்க அங்க எதுக்குப் போனீங்க?”

“எதுக்கா?” அவள் மேஜைக்கு வந்து மவுஸைப் பிடித்தாள். உருட்டினாள். கதவுகளும் நாய்களும் டயர்களும் ஓடின. நின்று நின்று, வட்டம் சுற்றிச் சுற்றி மேலே போயிற்று. பழகிய கை, எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அமுக்கினாள்.

“டேய் புதுசு, எங்கடா இருக்கே? மெத்தையை ஏத்திக்கிட்டுப் போனவன் அது மேலயே படுத்துட்டியா? அந்த வீட்ல கட்டிலைப் போட்டுட்டு வெறும் பலகையில உக்காந்திருக்காங்கடா. வழி தெரியலைன்னா கேளு, வாயில என்ன கொழுக்கட்டையா? நூறு தடவை கேளு, நூறு தடவை சொல்றேன். நீ போய்ச் சேர்ற வரைக்கும் நான் டிப்போவை விட்டு நகர மாட்டேன், போடா.”

குரல் ஜன்னல் கண்ணாடியில் மோதி அதிர்ந்தது. மேனேஜரின் முகம் வெளுத்துச் சிவந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெத்தையை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய அந்தப் ‘புதுசு’ அவர்தான்.

அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

“உங்க குரல் யாருக்கு வேணும்னு அன்னிக்குச் சொன்னேன். பொய். எனக்கு வேணும். கேட்டேன், இனிமேலும் கேப்பேன். அதுக்காக நீங்க என்ன வேணும்னாலும் சொல்லிக்கோங்க.”

அவர் கை கழுத்துத் துணியில் இருந்தது. அந்தக் குரலை அவரும் இத்தனை நாளைக்கப்புறம் இப்போதுதான் கேட்கிறார். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தோள் குலுங்கியது, கழுத்துத் துணி படபடத்தது. அவர் சிரிக்கிறார் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

‘இந்தக் கத்தலையா தினமும் கேட்ட? இதுல ஒரு நல்ல வார்த்தைகூட இல்லையே.’

“நல்ல வார்த்தையை வெச்சு நான் என்ன பண்றது? எனக்குச் சத்தம் வேணும்.”

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். “வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மாமா குரலை மட்டும் தனியா எடுத்து உன் போன்ல போட்டிருப்பேனே அக்கா. டீ குடிக்கிற நேரம் ஆகுமா அதுக்கு?”

“சொல்லியிருக்கணும். சொல்லலை. இப்பச் சொல்லிட்டேன் இல்ல, எடு.”

அவன் அவள் போனை வாங்கி வயரைச் செருகினான். ஒவ்வொரு கத்தலாக இறக்கினான். பிறகு சாட்டை மூடித் திறந்தான். கடைசிப் பக்கம் மட்டும் பளிச்சென்று வந்து நின்றது. அதில் கண்ணாடியின் கேள்வி ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, என் வண்டி இன்னும் மெக்கானிக்கிட்டதான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பெட்டி டிப்போலயே கிடக்கு. யாரை அனுப்பறீங்க?”

வெண்கலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்து விரலும் இறங்கின. கடைசி எழுத்திலிருந்து அவர் விரல் எழும்புவதற்குள் மேனேஜரின் சட்டைப்பையில் போன் கூவியது. மேனேஜர் எடுத்துப் பார்த்தார்.

‘எல்லா வண்டியும் ரோட்டுல இருக்கு. சும்மா நிக்கிறது ஒண்ணே ஒண்ணு, என் வீட்டு வாசல்ல. ஆஸ்பத்திரிப் பெட்டியை மேனேஜர் எடுத்துட்டுப் போறாரு. பாலத்துப் பக்கம் போகக் கூடாது. மேட்டு ரோடு.’

போன் மறுபடி மறுபடி கூவியது. ‘சரிண்ணே.’ ‘சரிண்ணே.’ ‘மேனேஜர் சார், மெதுவாப் போங்க, ரோடு வழுக்கும்.’ எல்லாரும் இருக்கிற அறை. எல்லாரும் பார்த்தாயிற்று. எனக்கு யாரும் சொல்லலை என்று தலையைச் சொறிய இடமில்லை.

“அண்ணே, நான் வந்தது…” என்று மேனேஜர் ஆரம்பித்தார். இந்தத் தடவை அவரைப் பார்த்தே பேசினார்.

போன் கூவியது. ‘பெட்டியில மருந்து இருக்கு. நின்னு பேச நேரமில்லை.’

மேனேஜர் வேன் சாவியை எடுத்துக்கொண்டார். “கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டும் அண்ணி” என்று முணுமுணுத்தார்.

“அது இங்கதான் இருக்கும்” என்றாள் அவள்.

மேனேஜர் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் கேட்க இனி எங்கே போய் ஒளிவது என்று யோசித்தபடி மிஷின் பக்கம் நடந்தாள். பின்னால் விரல் தட்டுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். வெற்றுப் பக்கத்தில் எழுத்துகள் வழக்கத்தைவிடப் பெரிதாக நின்றன.

‘ஒளிஞ்சு கேக்காத. நான் என்ன செத்தா போயிட்டேன்? ஜன்னலைத் திறந்து வை. தெருவுக்கே கேக்கட்டும்.’

அவள் ஜன்னல் கதவை ரெண்டு பக்கமும் தள்ளித் திறந்தாள். சாரல் ரெக்சின் மேல் அடித்தது, அடிக்கட்டும் என்று விட்டாள். போனை ஜன்னல் கட்டையின் மேல் நிறுத்தி, சத்தத்தை முழுக்க ஏற்றி, கையில் வந்ததை அமுக்கினாள்.

“அங்க என்னடா இன்னும் பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறே? வண்டியை எடுடா.”

வாசலில், வேனுக்குள் ஏறி உட்கார்ந்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மேனேஜர் துள்ளி நிமிர்ந்தார்.

“இதோ எடுத்துட்டேன் அண்ணே” என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார்.